மீக்கடத்திக் கம்பித் தயாரிப்பில் தரக் கண்காணிப்பு

மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் கம்பி, பல கிலோமீட்டர் நீளம் முழுவதிலும் ஒரே தன்மையுடன் அமைந்துள்ளதா எனத் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்தறியும் முறைகள் இப்பெயரால் வழங்கும். லெய்டனில் 1911-இல் மீக்கடத்தலைக் கண்டறிந்த காமர்லிங் ஆன்னஸ், பின்னர் ஈயக் கம்பியால் சுற்றிய சுருள் மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே அத்தன்மையை இழந்தபோது, கம்பியில் ஆங்காங்கே பழுதுகள் இருக்கலாம் என்றே முதலில் கருதினார்; காரணம் காந்தப்புலமே என்பது 1914-இல் தெளிவாயிற்று. ஆயினும் பழுதான ஓரிடம் முழு நீளத்தையும் கெடுக்கும் என்ற அவரது ஐயம் பிற்காலக் கம்பிகளுக்கு நன்றாகவே பொருந்திற்று.

1960-களில், துண்டாகச் சோதிக்கையில் தேறிய கம்பிகள் சுருளாகச் சுற்றியதும் தோற்றன. குறை கம்பியிலா, சுற்றிய முறையிலா என்பதில் கருத்து வேறுபட்டது. செம்பினுள் நுண்ணிழைகளைப் பதிக்கும் முறை வந்தபின் சிக்கல் பெரிதும் தணிந்தது.

இந்தியாவில் இத்துறை நன்கு அறியப்படுவது, கொல்கத்தா சால்ட் லேக்கிலுள்ள மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் அமைத்த கே-500 மீக்கடத்திச் சைக்ளோட்ரானின் வழியாகும். அணுக்கருத் துகள்களைச் சுழலவிட்டு முடுக்கும் இப்பொறியின் காந்தத்திற்கு ஏறத்தாழ 35 கி.மீ. நியோபியம்–டைட்டேனியம் கடத்தி தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சுமார் 500 இழைகளைக் கொண்ட கம்பி, செவ்வகச் செம்புப் பட்டையின் பள்ளத்தில் பதிக்கப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மீக்கடத்தல் நின்றாலும் மின்னோட்டம் செம்பின் வழியே செல்வதற்கான ஏற்பாடு அது. கடத்தி இறக்குமதியானதாயினும் சுருளை மையமே சுற்றியதால், கண்காணிப்பின் ஒரு பகுதி ஆலையை விட்டுச் சுற்றுமிடத்திற்கு வந்தது. சுற்றுகளுக்கிடையே குறுக்குச் சுற்று நேராமற் காப்பது அதில் முதன்மையானது.

இவ்வகைக் கம்பிக்கான ஆய்வுகளுள் எளியதும் அழகியதும் அமிலச் சோதனையே. கம்பியின் முனையை வெட்டி நைட்ரிக் அமிலத்தில் இட்டால், செம்பு கரைந்து நீலப்பச்சைக் கரைசலாக, அமிலம் தீண்டாத இழைகள் தலைமயிர்க் கற்றைபோல் பிரிந்து நிற்கும். முன்பின் எடையிலிருந்து செம்பின் விகிதம் கிடைக்கும். நுண்ணோக்கியில் அறுந்த இழைகளை எண்ணலாம். கணுக்கணுவாகத் தடித்து மெலிந்த இழைகளும் புலப்படும். பதப்படுத்துகையில் செம்பும் டைட்டேனியமும் சேர்ந்து கடினச் சேர்மமாவது இம்மெலிவுக்கு ஒரு காரணமாதலால், இடையே நியோபியத் தகடு வைப்பது வழக்கம். கம்பி தாங்கும் உச்ச மின்னோட்டமாகிய மாறுநிலை மின்னோட்டம் திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில் அளக்கப்படுகிறது. மின்தடை படிப்படியாகவே தலைதூக்குவதால், எந்த மின்னழுத்தத்தை எல்லையாகக் கொள்வது என்பது மரபைப் பொறுத்ததாகவே உள்ளது. முனைத் துண்டுகள் நடுப்பகுதிக்கு எவ்வளவு சான்றாகும் என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. சுழல் மின்னோட்டச் சோதனையால் முழு நீளத்தையும் ஆராய்வது அதன் பொருட்டே.

கொல்கத்தாக் காந்தம் 2005-இல் குளிர்விக்கப்பட்டு மின்னூட்டம் பெற்றது. பொறியின் உள்ளே துகள் கற்றை 2009-இல் முடுக்கப்பட்டது.

அண்மைக்கால உயர்வெப்ப மீக்கடத்தி நாடாக்கள், திரவ நைட்ரஜனில் ஓடவிட்டுக் காந்த உணரிகளால் நெடுகிலும் சோதிக்கப்படுகின்றன.