காசு விழுந்த தெருவுக்கே

கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரம் தன் பழைய கடைவீதியை முதலில் சாலைக்காக வெட்டியது, பிறகு மாலுக்காக இடித்தது, கடைசியில் மீட்டர் காசை வைத்து மீட்டெடுத்தது. கொலராடோ புலவார் சாலையின் இருபுறமும் 1880களில் எழுந்த வீதி அது. 1929-ல் சாலையை அகலப்படுத்த, இரு பக்கத்துக் கட்டடங்களின் முன்பகுதியிலும் 14 அடியை அறுத்தெடுத்து, வெட்டுப்பட்ட இடத்தில் புது முகப்புகளைக் கட்டினார்கள். இன்று பயணிகள் அண்ணாந்து ரசிக்கும் முகப்புகளில் பல இப்படிக் காருக்கு வழிவிட்டுப் பிறந்தவைதான். அத்தனை விட்டுக்கொடுத்தும் வீதி தேய்ந்தது. 1970களில் அடகுக் கடைகளும் ஆபாசப் படக் கொட்டகைகளும் மிஞ்சின; மாடிகள் காலியாகக் கிடந்தன. பக்கத்தில் மூன்று பழைய தெருப்பகுதிகளை இடித்து, இலவச பார்க்கிங்கோடு 'பிளாசா பாசடீனா' என்ற மாலைக் கட்டியது நகரம். இந்த இடிப்பைப் பார்த்துக் கொதித்த மக்களின் முயற்சியால் எஞ்சிய பகுதி காப்பாற்றப்பட்டு, 1983-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது.

கட்டடம் பிழைத்தது, வாடிக்கையாளர் வந்தால் வண்டியை நிறுத்த இடமில்லை. சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் வரை இலவசம் என்பது விதி. அந்த இடங்களைக் காலையிலேயே பிடித்தவர்கள் பெரும்பாலும் அதே வீதியின் கடைக்காரர்களும் ஊழியர்களும். இரண்டு மணிக்கு ஒரு முறை வெளியே வந்து, காரை நகர்த்தி நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். இது புதிய நோயும் அல்ல. 1935 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டதே இதற்காகத்தான்: அலுவலக ஊழியர்களின் கார்கள் நாள் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த இடத்தை, பத்திரிகை அதிபர் கார்ல் மகீ முன்வைத்த ஐந்து சென்ட் காசுப்பொறி வாங்க வந்தவர்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் பொறி பரவியபோது அதன் நோக்கம் பின்னுக்குப் போனது. விழுந்த காசு நகரின் பொது நிதியில் கலந்தது. தெரு விளக்கு எரியாத கடைக்காரருக்கு அது இன்னொரு வரியாகத்தான் தெரிந்தது. அமெரிக்க வியாபாரிகள் மீட்டரைக் கண்டாலே கசந்ததற்கு அந்தக் கணக்கே முக்கியக் காரணம் என்பது என் வாதம். கட்டணத்தின் அளவு அதற்கு அடுத்ததுதான்.

பாசடீனாவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. மீட்டர் வைக்கலாம் என்று நகர அதிகாரிகள் சொன்னதும் வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள்: இருக்கிற நாலு வாடிக்கையாளரும் இலவசமாக நிறுத்த மாலுக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் இழுபறி. மீட்டர் வருமானம் முழுவதையும் இந்த வீதிக்கே செலவிடுகிறோம் என்று நகரம் சொன்ன பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 1993-ல் மீட்டர்கள் வந்தன. மணிக்கு ஒரு டாலர். அன்றைக்கு அது சிறு தொகை இல்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்கூட வசூல், அதுவும் எதிர்த்தவர்களின் சம்மதத்தோடு. வரப்போகும் வருமானத்தைக் காட்டி நகரம் 50 லட்சம் டாலர் கடன் வாங்கியது. அந்தப் பணத்தில் மரங்களும் பழைய பாணி விளக்குக் கம்பங்களும் பெஞ்சுகளும் வந்தன. கட்டடங்களின் பின்புறம் குப்பைத் தொட்டிகளோடு இருண்டு கிடந்த சந்துகள் கல் பாவப்பட்டு, ஆட்கள் நடமாடும் வழிகளாயின. நடைபாதையைத் தினமும் பெருக்கினார்கள். கொலராடோ சாலையின் நடைபாதையை மாதம் இருமுறை நீராவியால் கழுவினார்கள். எதற்கு முதலில் செலவு என்று பரிந்துரைக்கும் குழுவில் வியாபாரிகளும் கட்டட உரிமையாளர்களும் உட்கார்ந்தார்கள். உங்கள் காசு விளக்குக்கும் பெஞ்சுக்கும் தளத்துக்கும் போகிறது என்று மீட்டரிலேயே ஒட்டியிருந்தார்கள். காசு போடுபவர் தலையைத் திருப்பினால் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 2001-ல் 690 மீட்டர்கள், செலவு போகச் சுமார் 12 லட்சம் டாலர் தந்தன. விற்பனை வரி வருவாயில் அந்த இலவச பார்க்கிங் மாலையே பழைய வீதி முந்தியது. மாலை இடித்துவிட்டு, 2001-ல் அங்கே திறந்தவெளிக் கடைவீதி ஒன்றைத் திறந்தார்கள்.

மீட்டர்தான் எல்லாம் செய்ததா? இல்லை. பழைய கட்டடங்கள் தப்பியிருக்காவிட்டால் காசு போட ஆளே வந்திருக்க மாட்டார்கள். வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிக்கக் கிடைத்த வரிச்சலுகையும், வந்து சேர்ந்த திரையரங்குகளும் உதவின. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட்வுட் வில்லேஜைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அழகிய பழைய கட்டடங்கள், திரையரங்குகள், போதாக்குறைக்கு வாசலிலேயே பெரிய பல்கலைக்கழகம். 1994-ல் வியாபாரம் படுத்துவிட்டதென்று மீட்டர் கட்டணத்தை ஒரு டாலரிலிருந்து 50 சென்ட்டாகக் குறைத்தார்கள். வசூல் பொது நிதிக்கே போனது. நடைபாதைகள் பெயர்ந்தன, கடைகள் காலியாயின. இந்த இரண்டு வீதிகளையும் ஒப்பிட்டு உலகுக்குச் சொன்னவர், அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டோனல்ட் ஷூப். ஓர் ஒப்பீடு நிரூபணம் ஆகாதுதான். ஆனால் கட்டணம் குறைந்தால் கூட்டம் வரும் என்ற நம்பிக்கைக்கு அது நேர் மறுப்பு. வீதி செழித்ததும் வாடகை ஏறி, பெரிய நிறுவனங்களின் கிளைகள் சிறு கடைகளைத் தள்ளின என்ற குறை உண்மையானது, அதை எளிதில் ஒதுக்க முடியாது. மீட்டர் பணத்தில் ஒரு பங்கைச் சிறு கடைகளுக்கே மானியமாகத் தந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. சாலையோரம் ஊர்ச் சொத்து. அதன் வருமானத்தை ஒரே வீதி எடுத்துக்கொண்டால், மீட்டர் வைக்க வழியில்லாத ஏழைப் பகுதிக்கு என்ன மிஞ்சும்? நியாயமான கேள்வி. ஆனால் 1993-க்கு முன் அந்த வீதியில் மீட்டர் வருமானமே இல்லை. பங்கு தருகிறோம் என்ற உறுதி இல்லாமல் அது பிறந்திருக்காது. கூடிய விற்பனை வரி மட்டும் ஊருக்குப் பொதுவாக வந்தது. பொதுச் சொத்து என்ற பெயரில் எதுவும் நடக்கலாம் என்பதற்குச் சிகாகோ இருக்கிறது. 2008-ல் சுமார் 36,000 மீட்டர்களை 115 கோடி டாலருக்கு, 75 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டது அந்நகரம். கட்டணம் ஏறியது, மக்கள் கொந்தளித்தார்கள், அந்தப் பணத்தில் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் ஓட்டை விழுங்கிவிட்டது. சான் டியேகோ 1997-ல் நடுவழி ஒன்றை எடுத்தது: மீட்டர் வருமானத்தில் 45 விழுக்காடு வசூலான பகுதிக்கு, மீதி நகருக்கு. பாசடீனா கொடுத்த முழுப் பங்கைவிட எனக்கு இந்தப் பிரிவினையே ஏற்புடையது. நகரின் பங்கு மீட்டர் இல்லாத தெருக்களுக்குத்தான் போகிறது என்பதையும் பாசடீனா ஒட்டியதைப் போல எழுதி ஒட்ட வேண்டும்.