எலக்ட்ரான்: பிசினில் பிறந்த பெயர்

கிரேக்க மொழியில் ‘எலெக்ட்ரான்’ என்றால் அம்பர். பழங்காலத்து மரங்களில் வடிந்து கல்லாய் இறுகிய பிசின். கம்பளித் துணியில் தேய்த்து நீட்டினால் வைக்கோல் துணுக்கு துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடிக்கும் கந்தகத்துக்கும் இதே குணம் இருப்பதைக் கண்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட், 1600-இல் வந்த தம் நூலில் ‘அம்பரைப் போன்றவை’ என்ற பொருளில் அவற்றை லத்தீனில் ‘எலெக்ட்ரிக்கா’ என்றார். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைப் பலகை வரை வந்திருப்பது அந்தப் பெயர்தான்.

1891-இல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி மின்சுமையின் அடிப்படை அலகுக்கு ‘எலக்ட்ரான்’ என்று பெயர் வைத்தார். துகள் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை! 1897-இல் அதைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் ‘கார்ப்பசில்’ என்றே அழைத்துவந்தார், ஊர் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எலக்ட்ரான், இலங்கையில் இலத்திரன். ‘எதிர்மின்னி’யும் உண்டு: மின்சுமை எதிர்க்குறி கொண்டது என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால், மூன்றில் அதுவே தெளிவானது.