உடன்பிறந்தவளும் எதிராளியும்: இரண்டு இளையோர் நாவல்கள்

ஆங்கிலத்தில் 2020 மே மாதம் சில நாள் இடைவெளியில் இரண்டு இளையோர் நாவல்கள் வெளிவந்தன. ஒன்று அடிபா ஜைகீர்தாரின் ‘தி ஹென்னா வார்ஸ்’. இன்னொன்று எலிசபெத் அசெவேடோவின் ‘கிளாப் வென் யூ லேண்ட்’. முன்னது டப்ளினில் வாழும் வங்கதேச முஸ்லிம் குடும்பத்தின் கதை. பின்னது நியூயார்க்கிலும் டொமினிக்கன் குடியரசிலுமாக இரண்டுபட்டுக் கிடக்கும் ஒரு குடும்பத்தின் கதை. இரண்டிலும் சகோதரிகள் இருக்கிறார்கள், போட்டி இருக்கிறது, பெண்ணை நேசிக்கும் ஒரு பள்ளி மாணவி இருக்கிறாள். ஆனால் சகோதரியை எந்த இடத்தில் நிறுத்துவது, எதிராளியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில் இரண்டு எழுத்தாளர்களும் நேரெதிர்த் திசைகளில் போகிறார்கள். அதனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது தெரிகிற ஒன்று, தனித்தனியே படித்தால் தெரிவதில்லை.

முதலில் டப்ளின். நிஷாத் தன்பாலீர்ப்பு கொண்டவள். நாவல் தொடங்கியதுமே அதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறாள். அடி, உதை, வீட்டைவிட்டுத் துரத்தல் எதுவும் நடக்கவில்லை. அதைவிடக் கனமான மௌனம் வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. அம்மாவும் அப்பாவும் எதுவும் காதில் விழாததுபோல நாட்களைத் தள்ளுகிறார்கள். அந்த வீட்டில் நிஷாத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே துணை தங்கை பிரீத்தி. நிஷாத் கேட்காமலே அவள் பக்கம் நிற்பவள்.

போட்டி வெளியிலிருந்து வருகிறது. பள்ளியில் வணிகப் பாடத்துக்காக மாணவிகள் சிறு தொழில் தொடங்க வேண்டும். நிஷாத் மருதாணியைத் தேர்ந்தெடுக்கிறாள். அவள் மனதைக் கவர்ந்த ஃப்ளாவியாவும் அதையே தேர்ந்தெடுக்கிறாள். ஃப்ளாவியா பிரேசில் வேர்கொண்ட கறுப்பின ஐரிஷ் பெண். ஒரு கல்யாண வீட்டில் பார்த்துப் பிடித்துப்போன கலை அவளுக்கு மருதாணி. நிஷாத்துக்கோ அது குடும்பத்தின் வழியாக வந்த சொத்து. போதாக்குறைக்கு, ஃப்ளாவியாவின் கூட்டாளி அவளுடைய உறவுக்காரி சைனா. நிஷாத்தின் நிறத்தையும் குடும்பத்தையும் வைத்துப் பள்ளியில் வதந்தி பரப்பி வந்தவளும் அவள்தான்.

மருதாணிக் கோனைப் பிடித்தவர்களுக்குத் தெரியும்: எதிரில் இருப்பவரின் கையைப் பற்றாமல் கோலம் வராது. அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். காயும்வரை அந்தக் கை அசையக் கூடாது. தொடுகையும் பொறுமையும் நம்பிக்கையும் கலந்த இந்த வேலையைப் போட்டிக்களமாக்கியதுதான் ஜைகீர்தாரின் சாமர்த்தியம். யாரோடு மல்லுக்கட்டுகிறாளோ அவளையே நிஷாத் விரும்புகிறாள். கோபத்தையும் ஆசையையும் பிரித்தெடுக்க அவளால் முடிவதில்லை.

இப்போது அசெவேடோ. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம் குயீன்ஸ் பகுதியில் விழுந்து 265 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் டொமினிக்கன் வம்சாவளியினர். அந்தத் துயரத்திலிருந்து எழுந்த கற்பனைதான் இந்த வசன கவிதை நாவல். இதிலும் ஒரு விமானம் விழுகிறது. அதில் ஒரு தந்தை இறந்துபோகிறார். சொசுவா கடற்கரையில் உறவுக்காரியிடம் வளரும் கமினோவும், நியூயார்க்கில் தாயோடு இருக்கும் யஹைராவும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். இருவருக்கும் அவர்தான் அப்பா. ஒருத்தி இருப்பது மற்றவளுக்குத் தெரியாது.

அப்பாவை இந்த மகள்கள் நாள்காட்டியில் பங்கு போட்டிருந்தார்கள். கோடைக்காலம் கமினோவுக்கு, மற்ற மாதங்கள் யஹைராவுக்கு. ஒருத்தி விமான நிலையத்தில் காத்திருந்து வரவேற்ற அதே மனிதரைத்தான் மற்றவள் ஒவ்வோர் ஆண்டும் வழியனுப்பிவைத்தாள். ஆகவே இங்கே எதிராளியே சகோதரிதான். போட்டி பரிசுக்காக இல்லை. அப்பாவின் நினைவுக்கும் உடலுக்கும், விமான நிறுவனம் தரும் இழப்பீட்டுத் தொகைக்கும். கமினோவின் தாய் டெங்குவில் இறந்தவள். ஊரில் பெண்களை விற்றுப் பிழைக்கும் ஒருவன் கமினோவைச் சுற்றிவருகிறான். மருத்துவம் படிக்கும் கனவைக் காப்பாற்ற அவளுக்குப் பணம் வேண்டும், அமெரிக்க விசா வேண்டும். யஹைராவிடம் பிறப்பாலேயே பாஸ்போர்ட் இருக்கிறது. தங்கள் துக்கம் சமம் என்றாலும் தங்கள் நிலைமை சமமில்லை என்பதை இருவரும் உணரும் பக்கங்களே இந்த நாவலின் உச்சம்.

யஹைராவுக்கு ட்ரே என்ற காதலி உண்டு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரி, செடிகொடிகளில் உயிரை வைத்திருப்பவள். இந்தக் காதலை யஹைரா யாருக்கும் அறிவிக்கவோ, அதற்காக அழவோ தேவையில்லை. சதுரங்கத்தில் பெயர்பெற்று, பின் விளையாட்டையே விட்டுவிட்ட அவளுடைய காயம் வேறு: அப்பாவின் இரண்டாவது திருமணச் சான்றிதழைக் கண்டுபிடித்த நாள் முதல் அவரோடு பேசாமல் இருந்தாள்; பேசுவதற்குள் அவர் போய்விட்டார். அந்த வெறுமையில் அவளுக்குப் பிடிமானம் ட்ரேயின் அன்புதான்.

இதுதான் இரண்டு நாவல்களுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு. நிஷாத்துக்குத் தன் பாலியல் அடையாளமே போர்க்களம், சகோதரி அடைக்கலம். யஹைராவுக்கு அடையாளம் அடைக்கலம், சகோதரியே போர்க்களம். இரண்டில் எது முற்போக்கானது என்று கேட்பது பயனற்றது. நிஷாத் வாழும் அயர்லாந்து 2015 மே 22 அன்று பொதுவாக்கெடுப்பில் ஒருபாலினத் திருமணத்தை ஏற்ற நாடு. மக்கள் வாக்கால் அதைச் சாதித்த முதல் நாடும் அதுவே. அந்த நாட்டிலும் நிஷாத்தின் ரகசியம் அவள் அனுமதியில்லாமல் குறுஞ்செய்தியாகப் பள்ளி முழுக்கப் பரவுகிறது. சட்டம் மாறினாலும் சமையலறையும் வகுப்பறையும் தாமாக மாறிவிடாது. அதனால் ஜைகீர்தார் எழுதிய வலி தேவையான வலி. அதே சமயம், பெண்ணை நேசிக்கும் பெண்ணின் கதை என்றாலே கண்ணீர்க் கதை என்ற பழக்கத்தை அசெவேடோ உடைப்பதும் அவ்வளவே தேவை. தன்னைப் போன்ற ஒருத்தி கதையில் சும்மா மகிழ்ச்சியாக நேசிக்கப்படுவதைப் படிப்பதும் ஒரு வாசகிக்கு உரிமைதான்.

குறைகளும் இருக்கின்றன. சைனா போன்றவர்களின் இனவெறிக்கு ‘தி ஹென்னா வார்ஸ்’ தரும் முடிவு மென்மையானது. பெற்றோரின் மனமாற்றமும் சற்றுச் சீக்கிரம் நிகழ்கிறது. அசெவேடோவோ, இரண்டு குடும்பங்களை ஏமாற்றிய தந்தையிடம் காட்டும் கனிவில் அவரால் வஞ்சிக்கப்பட்ட மனைவியரின் பக்கத்தைக் குறைவாகவே திறக்கிறார். ஆனால் வடிவத்தில் அவர் ஒரு படி மேல். இரண்டு குரல்கள் தொலைவில் தனித்தனியே பேசி, பின் நெருங்கிவந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் அந்தக் கட்டுமானம், சகோதரத்துவம் உருவாகும் விதத்தை வாசகர் காதாலேயே கேட்கவைக்கிறது. நிஷாத்தின் ஒற்றைக்குரல் உரைநடையில் அதற்கு வழியில்லை. பிரீத்திக்கும் பள்ளியில், நட்பில் சொந்தத் துயரங்கள் உண்டு. அக்காவின் போரில் அவை நீண்டநேரம் கேட்காமலே போகின்றன.

அந்தக் கேட்காமையே இரண்டு நாவல்களையும் இணைக்கிற புள்ளி. பிரீத்தி ஆரம்பம் முதல் ஆதரவாக இருந்தவள். ஆனாலும் அவளுக்கும் யாராவது ஆதரவாக இருக்க வேண்டும் என்பது நிஷாத்துக்குத் தாமதமாகவே உறைக்கிறது. கமினோவும் யஹைராவும் ஒருவரையொருவர் சந்தேகித்தவர்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் பயத்தையும் மேசைமீது வைத்துப் பேசிய பிறகுதான் சகோதரிகள் ஆகிறார்கள். ஒரே வயிற்றில் அல்லது ஒரே தந்தைக்குப் பிறந்ததால் மட்டும் ஒருத்தி உடன்பிறந்தவள் ஆகிவிடுவதில்லை என்று இரண்டு எழுத்தாளர்களும் சொல்கிறார்கள். “நீ யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம்” என்று சொல்வது தொடக்கம் மட்டுமே. தன்னிடம் இருப்பதில் எதை அவளுக்காக விட்டுக்கொடுக்கத் தயார், அவள் பாரத்தில் எதைத் தூக்கத் தயார் என்பதில்தான் அந்தச் சம்மதத்தின் மதிப்பு இருக்கிறது. இளம் வாசகர்களுக்கு இதை அறிவுரையாகச் சொன்னால் ஏறாது. இந்த நான்கு பெண்கள் வாழ்ந்துகாட்டுவதால் ஏறுகிறது.