மந்திரிகுமாரி

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் வெளியிட்ட சரித்திரப் பாங்கான தமிழ்த் திரைப்படம். எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கினர். மு. கருணாநிதி தாம் எழுதிய நாடகத்தையே திரைக்கதையாக்கி வசனம் எழுதினார், இசை ஜி. ராமநாதன்.

கதையின் வேர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி. பௌத்த நூலான இதில் இன்று எஞ்சியிருப்பவை சில பாடல்களே. கதை நீலகேசி உரையின் வழியே நமக்குக் கிடைக்கிறது. கள்வனான கணவன் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துவந்ததை அறிந்த வணிகன் மகள், அவனை வலம்வர அனுமதி கேட்டு, பின்னிருந்து தள்ளிவிடுகிறாள். பிறகு துறவு பூண்டு சமய வாதம் புரிகிறாள்.  படத்தில் வணிகன் மகள் அமைச்சர் மகள் அமுதவல்லி ஆனாள்; கள்வன் ராஜகுருவின் மகன் பார்த்திபன் ஆனான். மாதுரி தேவியும் எஸ். ஏ. நடராஜனும் இவ்வேடங்களை ஏற்றனர். தளபதி வீரமோகனாக நடித்தவர் எம். ஜி. ஆர்.

மாடர்ன் தியேட்டர்ஸை டி. ஆர். சுந்தரம் 1935-இல், சேர்வராயன் மலையடிவாரத்தில் ஏற்காடு சாலையில் தொடங்கினார். மலை பக்கத்திலேயே இருந்ததால் படக்குழு உச்சிக் காட்சியை அரங்கில் போலியாகக் கட்டவில்லை, ஏற்காட்டுக்கே சென்றது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய புகழ்பெற்ற பாடல் அங்கேதான் படமானது. குழைந்து அழைக்கும் காதல் பாட்டின் முடிவில் கொலை காத்திருக்கிறது.

ஒரு காலத்தின் சாயலைத் தருவதில் இப்படம் எங்கே வெல்கிறது? உடையிலும் அரண்மனையிலும் அல்ல. அவை கம்பெனி நாடக மேடையிலிருந்து வந்தவை. எந்த நூற்றாண்டு என்றே சொல்ல முடியாது. வசனமோ முழுக்க 1950-க்கு உரியது: அரசனை ஆட்டிவைக்கும் ராஜகுருவை நோக்கிப் பாயும் சொற்களில் திராவிட இயக்க மேடையின் குரல் கேட்கிறது. தன் காலத்தின் கோபத்தை அறிய இதைவிட நல்ல ஆவணம் குறைவு.

ஆனால் மலையுச்சியில் மட்டும் படம் காப்பியத்தைத் தொட்டுவிடுகிறது. திறந்த வானம், பாறை, ஆழம், கணவனைச் சுற்றிவரும் பெண். அவளுடைய நடையில் அச்சமும் துணிவும் சேர்ந்தே தெரிகின்றன. தமிழ் அறியாத அமெரிக்கரான டங்கன் 1936 முதல் இங்கே படமெடுத்தவர். இப்படத்தோடு அவரது தமிழ்த் திரைப்பணி முடிந்தது.

பிற்காலச் சரித்திரப் படங்கள் கல்வெட்டையும் நகையையும் ஆராய்ந்து திருத்தமாக வந்தன. அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. எனினும் பழைய கதை ஒன்றின் இரக்கமற்ற முடிவை மழுப்பாமல் காட்டியதில் மந்திரிகுமாரிக்கு இணையானவை மிகச் சிலவே.