பவர் பேங்க் மேலிருந்து கைக்கு வந்த கதை

சாலாக் செலாத்தானில் ரயிலேறி, அடுத்த நிறுத்தமான பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கி, அங்கிருந்து விமான நிலைய ரயிலைப் பிடிக்கும் நம்மவர்களின் கைப்பையில் கடப்பிதழ் இருக்கிறதோ இல்லையோ, பவர் பேங்க் இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் அதைத் தலைக்கு மேலுள்ள சாமான் அறையில் வைக்க முடியாது. பறக்கும்போது அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் முடியாது. உடம்போடு வைத்துக்கொள்ளலாம், முன்னிருக்கைப் பையில் செருகலாம், அல்லது இருக்கைக்கு அடியில் வைக்கலாம்.

இந்த விதியின் வேர் பவர் பேங்கே இல்லாத காலத்தில் இருக்கிறது. 1998 செப்டம்பர் 2. நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் போன ஸ்விஸ்ஏர் 111 விமானத்தின் விமானிகளுக்கு ஏதோ வாடை அடித்தது. பயணிகள் பகுதியில் அந்த வாடை இல்லை. ஏசியிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். சில நிமிடங்களில் புகை கண்ணில் பட்டது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நோக்கி விமானத்தைத் திருப்பினார்கள். முதல் வாடை அடித்த 21 நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கடலுக்கடியிலிருந்து பொறுக்கியெடுத்த துண்டுகளை வைத்துக் கனடா நாலரை ஆண்டுக்கு மேல் விசாரித்தது. விமானி அறையின் பின்பகுதியில், கூரைத் தகட்டுக்கு மேலே ஒரு வயரில் எழுந்த மின்பொறி, அங்கிருந்த காப்பு விரிப்பில் பற்றியிருக்க வேண்டும் என்றது விசாரணை அறிக்கை. யார் கண்ணும் கையும் எட்டாத இடம். என் நெஞ்சை அறுப்பது அந்த அறிக்கையில் உள்ள இன்னொரு முடிவு: புகை தெரிந்த உடனேயே நேராக ஹாலிஃபாக்ஸ் பார்த்து இறங்கியிருந்தாலும் நேரம் போதியிருக்காது. வாடை மூக்குக்கு வந்து சேர்வதற்குள் நெருப்பு முந்திக்கொண்டுவிட்டது.

அந்த விரிப்புகளை விமானங்களிலிருந்து அகற்ற உத்தரவு வந்தது. ஆனால் மறைவிடத்து நெருப்பு வேறு வழியில் உள்ளே வந்தது, நம் பைகளோடு. லித்தியம் பேட்டரியின் ஓர் அறை உள்ளுக்குள் பழுதாகிச் சூடேறினால், அந்தச் சூடு பக்கத்து அறையையும் பற்றவைக்கும். தீயணைப்பு வாயு அடித்தால் சுவாலை அடங்கும், சூடு அடங்காது, மறுபடி பற்றும். தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். ஊற்றுவதற்கு முதலில் அது எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டுமே!

2025 ஜனவரி 28 இரவு, தென்கொரியாவின் பூசானில் ஹாங்காங் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானத்தின் பின்பகுதியில், மேல் சாமான் அறையிலிருந்து தீ கிளம்பியது. விமானம் இன்னும் தரையில் நின்றதால் 176 பேரும் சறுக்குகளில் இறங்கித் தப்பினார்கள். விமானத்தின் கூரை எரிந்து போனது. பவர் பேங்க் காரணமாயிருக்கலாம் என்றது கொரிய விசாரணை. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, ஜொகூர் பாருவிலிருந்து பேங்காக் போன பாத்திக் ஏர் விமானத்தில், பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு பவர் பேங்க் புகைந்தது. பணியாளர்கள் அணைத்துவிட்டார்கள், விமானம் பத்திரமாக இறங்கியது. மலேசியா ஏர்லைன்ஸ் தன் விதியைக் கொண்டுவந்தது அடுத்த சில வாரங்களில்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே ஏப்ரல் 1-இல் பவர் பேங்க் பயன்பாட்டுக்குத் தடை போட்டது.

இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 100 வாட்-மணிக்குள் இருந்தால் கொண்டு போகலாம். வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணிதான். கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள், பறக்கும்போது சார்ஜ் ஏற்றாதீர்கள் என்பது மட்டுமே கேட்கப்படுகிறது.

அடுத்த பயணத்தில் உங்கள் பவர் பேங்க் உப்பியிருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் வயர் கருகுவது போல வாடை அடித்தால், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். உடனே மணியை அழுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள்.