மகர்பட்டா சிட்டி

மகர்பட்டா சிட்டி, மகாராஷ்டிர மாநிலம் புணேயின் கிழக்குப் புறநகரான ஹடப்சரில் உள்ள குடியிருப்பு நகரியம். பரப்பு ஏறத்தாழ 400 ஏக்கர். இதைவிடப் பெரிய நகரியங்கள் இந்தியாவில் பல உண்டு. இது பேசப்படுவதற்குக் காரணம் இதன் நிலக் கணக்கு. இங்கே நிலத்தை எந்தக் கட்டுமான நிறுவனமும் விலைக்கு வாங்கவில்லை, அரசும் கையகப்படுத்தவில்லை. விவசாயிகளே கூடி ஒரு நிறுவனம் தொடங்கிக் கட்டினார்கள்.

சோலாப்பூர் சாலையை ஒட்டிய ஹடப்சர், கால்வாய்ப் பாசனத்தில் கரும்பும் காய்கறியும் விளைந்த ஊர். வரலாற்று நூல்களில் இதன் பெயர் ஒரு போருக்காக வரும்: 1802 அக்டோபர் 25 அன்று மராத்தியத் தலைவர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர், பேஷ்வா–சிந்தியா கூட்டுப் படையை இங்கே முறியடித்தார். 1966இல் சீரம் இன்ஸ்டிட்யூட் இங்கே தொடங்கப்பட்டது. தொழிற்பேட்டையும் வந்தது. 1990களில் நகரம் வயல் வரப்பைத் தொட்டுவிட்டது.

அப்போது நகரியம் பின்னர் எழுந்த நிலம் சுமார் 120 குடும்பங்களிடம் இருந்தது. பெரும்பாலோர் மகர் குலத்தார். அரசு எடுத்துக்கொண்டால் இழப்பீடு சொற்பம். துண்டு துண்டாகத் தரகரிடம் விற்றால், கைக்கு வரும் பணம் கல்யாணத்திலும் கார் வாங்குவதிலும் கரைந்துவிடும். வேளாண் பட்டதாரியான சதீஷ் மகர் வீடு வீடாகப் பேசி, நிலத்தை ஒரே தொகுப்பாக்கச் சம்மதிக்க வைத்தார். சரத் பவார் முதல்வராக இருந்தபோது திட்டம் அவரிடம் கொண்டுபோகப்பட்டது. 2000இல் கட்டுமானம் தொடங்கியது.

ஏற்பாடு எளிமையானது. அவரவர் நிலத்தின் அளவுக்கேற்ப நிறுவனத்தில் பங்குகள். விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் கட்டுமானப் பொருள் வழங்குவது முதல் தோட்டப் பராமரிப்பு வரை ஒப்பந்தம் எடுக்கப் பழக்கப்பட்டார்கள். நிலத்தைக் கொடுத்தவர் அதே நிலத்தில் காவலாளியாக நிற்கும் வழக்கமான கதை இங்கே பெருமளவு தவிர்க்கப்பட்டது. ஆனால் பங்கு நில உடைமைக்குத்தான். அதே வயலில் கூலிக்குக் கரும்பு வெட்டியவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். திட்டத்தைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

குடியிருப்புத் தொகுதிகளுக்கு ஜாஸ்மினியம், ஹெலிகோனியா, லபர்னம் பார்க், கிரெவிலியா என்று செடிகொடிகளின் பெயர்கள். கரும்புக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் கலன்கள். ஈரக் குப்பை, உலர் குப்பை வீட்டிலேயே தனித்தனி. புணே அடுக்ககங்களுக்கே உரிய ‘டிரை பால்கனி’யை இங்கும் பார்க்கலாம்: சமையலறையை ஒட்டிய சிறு பால்கனி, பாத்திரம் தேய்க்கவும் வாஷிங்மெஷின் வைக்கவும். நடுவே சுமார் 25 ஏக்கரில் அதிதி தோட்டம்.

நகரியத்துக்குள்ளேயே சைபர்சிட்டி என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் இருக்கிறது. வேலைக்கு நடந்தே போகலாம் என்பது திட்டத்தின் பெரிய ஈர்ப்பு. ஆனால் வாயிலைத் தாண்டினால் புணேயின் போக்குவரத்துதான். பக்கத்திலேயே அமனோரா பார்க் டவுன் எழுந்தது. அருகே ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் கராடி பகுதி அலுவலகக் கட்டடங்களால் நிறைந்தது. இடையிலுள்ள முண்ட்வா வழியாகச் செல்லும் வண்டிகளின் மாலை நேர நெரிசலை உள்ளே இருக்கும் எந்தத் திட்டமிடலும் தீர்க்கவில்லை.

பின்னாளில் ஆந்திரத்தின் புதிய தலைநகரான அமராவதிக்காக 2015 முதல் நிலத் தொகுப்பு நடந்தபோது அதை நடத்தியது அரசு. மகர்பட்டாவில் முடிவெடுத்தவர்கள் நில உரிமையாளர்கள். தங்கள் முறையை மகர்பட்டா குழுவினர் புணேயிலேயே சிங்ககட் சாலையில் சுமார் 700 ஏக்கரில் நாந்தேட் சிட்டி என்ற பெயரில் மீண்டும் செய்தார்கள். அங்கும் விவசாயிகளே பங்குதாரர்கள்.