வெளிர்மர அலமாரிகள்: கோலசிலாங்கூரும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறமும்

வெளிர்மர அலமாரி என்பது வெளுத்த தோற்றமுள்ள பழைய மர அலமாரியைக் குறிக்கும். சில அலமாரிகள் இயல்பாகவே வெளிர்நிறமான மரத்தால் செய்யப்பட்டவை. சில, கருத்த மரத்தால் செய்யப்பட்டு, வெயிலாலோ வேதிப்பொருளாலோ நிறமிழந்தவை. இன்னும் சிலவற்றின் மேல் வெள்ளைப் பூச்சு மட்டுமே இருக்கும். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களின் தோட்டப்புறங்களிலிருந்து வெளிவந்த தளவாடங்களில் இம்மூன்று வகையும் உண்டு. இவற்றை வாங்குவோர் நிறத்தை முதலில் பார்க்கிறார்கள். ஆனால் ஓர் அலமாரியின் வயது, உறுதி, மதிப்பு மூன்றையும் சொல்வது மரமும் தச்சுவேலையுமே.

நூறாண்டு கடந்த தளவாடத்தைத் தொன்பொருள் என்பது வணிக வழக்கு. அதற்குக் குறைந்த வயதுடைய, ஒரு காலத்தின் பாணியைத் தெளிவாகக் காட்டும் பொருள்கள் பழம்பாணித் தளவாடங்கள் எனப்படும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் 50 ஆண்டு கடந்த அசையும் பொருள்களையும் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகிறது. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் கிடைப்பவற்றில் மிகப் பல பழம்பாணித் தளவாடங்களே.

தோட்டப் பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் நலிந்தன. அந்த இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர் வட்டாரக் காடுகள் அழிக்கப்பட்டுப் பால்மரங்கள் நிரை நிரையாக நடப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டை வெட்டி, கன்று நட்டு, பால் சீவினார்கள். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே செம்பனையை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக அறியப்படும் அது, சரிவரப் பயன் தராத காப்பிச் செடிகளுக்கு மாற்றாக உருவானது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது.

தோட்டத்தில் யார் வீட்டில் என்ன தளவாடம் இருந்தது என்பதைப் பதவியே முடிவுசெய்தது. தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் தேக்கு அலமாரிகளும் கண்ணாடி பதித்த உடையலமாரிகளும் இருந்தன. எழுத்தர்களான கிராணிகளின் வீடுகளில் ஓரிரு நல்ல அலமாரிகள் இருந்தன. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் நெடுங்காலம் தகரப் பெட்டியும் சுவரில் அடித்த பலகையுமே அலமாரியின் வேலையைச் செய்தன. பிற்காலத்தில், கூலி சற்று உயர்ந்தபோது, அவ்வீடுகளுக்கும் அலமாரிகள் வந்தன. அவை பெரும்பாலும் அருகிலிருந்த சிறுபட்டணங்களின் சீனத் தச்சர்கள் செய்தவை.

1960-களுக்குப் பின் ரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. பின்னர் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களால் பெரிய அலமாரிகளைத் தங்களோடு கொண்டுபோக முடியவில்லை. பங்களா அலமாரி முதல் லயத்து அலமாரி வரை பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்ததற்கு இந்தத் துண்டாடலும் இடப்பெயர்வும் முக்கியக் காரணம்.

அலமாரி வகைகள்

வலையலமாரி: சமைத்த உணவை வைப்பதற்கானது. மலாயில் கெரோபோக் எனப்படும். கதவிலும் பக்கங்களிலும் கம்பிவலை இருப்பதால் காற்று உள்ளே போகும். ஈயும் பல்லியும் போகா. எறும்பு ஏறாமல் இருக்க நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவார்கள். கால்களின் அடியில் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் படிந்த நீர்க்கறை, உண்மையாகப் புழங்கிய வலையலமாரிக்கு நல்ல அடையாளம்.

கண்ணாடி அலமாரி: பாத்திரம், பீங்கான், விருந்தினருக்கான கோப்பைகள் வைப்பது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்டவற்றில் வளைந்த ஓரங்களும் அடுக்கடுக்கான கோட்டு வேலைப்பாடும் காணப்படும்.

உடையலமாரி: நிலைக்கண்ணாடி பதித்த ஒற்றை அல்லது இரட்டைக் கதவுள்ளது. கண்ணாடியின் பின்பூச்சு உரிந்து கரும்புள்ளி விழுந்திருப்பது வயதால் வருவது. அதைக் குறையாகக் கருதி உடனே மாற்ற வேண்டியதில்லை.

அலுவலக அலமாரி: பெரட்டு எனப்படும் காலை வருகைக் கணக்கெடுப்பில் ஆளெடுத்த பின் எழுதப்பட்ட செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடுகளும் கணக்குப் புத்தகங்களும் வைக்கப்பட்டவை. எடை தாங்கத் தடித்த தட்டுகளும் உறுதியான பூட்டும் இருக்கும். இன்று புத்தக அலமாரியாகப் பயன்படுத்த இவையே மிகப் பொருத்தமானவை.

மரங்கள்

தேக்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. எண்ணெய்ப்பசையும் தனி மணமும் உண்டு. வெயில் பட்டால் கருமை குறைந்து, மழையும் பட்டால் சாம்பல் நிறமாகும். உள்ளூர் மரங்களில் மெராந்தி செம்பழுப்பு நிறமும் மிதமான எடையும் கொண்டது. செங்கால், மெர்பாவ் ஆகியவை கனத்த வன்மரங்கள். அலமாரியை விடக் கட்டடத்துக்கே அதிகம் பயன்பட்டன.

இயல்பிலேயே வெளிர்நிறமான மரங்களில் ராமின் முக்கியமானது. பீட் சதுப்புநிலக் காடுகளில் வளரும் இது, சீரான இழையும் வெண்மஞ்சள் நிறமும் உடையது. பெருமளவில் வெட்டப்பட்டதால் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2004-இல் சேர்க்க முடிவாயிற்று. ஆகவே ராமின் தளவாடத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முன்னதாகவே அனுமதி விதிகளைக் கேட்டறிய வேண்டும். ஜெலுத்தோங் வெளிர்நிறமான மென்மரம். செதுக்கவும் அச்சுக்கட்டை செய்யவும் ஏற்றது, பெரிய அலமாரியின் எடையைத் தாங்க ஏற்றதன்று.

ரப்பர் மரம்: விறகிலிருந்து அலமாரிக்கு

வட சிலாங்கூரின் வெளிர்மரத் தளவாடங்களில் மிகப் பொருள் பொதிந்தது ரப்பர் மரமே. புதிதாக அறுத்த பலகை பால்வெள்ளையாக இருந்து, காய்ந்ததும் வைக்கோல் நிறமோ மெல்லிய இளஞ்சிவப்போ அடையும். காய்ந்த நிலையில் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோகிராம் வரை. இது தளவாடத்துக்குத் தேவையான உறுதியைத் தரும்.

ஆயினும் பல பத்தாண்டுகள் இம்மரம் வெறும் விறகாகவே மதிக்கப்பட்டது. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரங்கள், மறுநடவுக்காக வெட்டப்பட்டு லயத்து அடுப்புகளிலும் ரப்பர் ஷீட்டுகளைப் புகையூட்டும் கூடங்களிலும் செங்கற்சூளைகளிலும் எரிந்தன. பிறை நகரில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலையின் உலைக்கு ரப்பர் மரக்கரியே எரிபொருளாயிற்று.

இம்மரம் தளவாடத்துக்கு ஆகாமல் விறகாகவே போனதற்குக் காரணம் அதன் உள்ளிருக்கும் மாவுச்சத்து. வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பற்றி நீலக்கறை படியும்; மாவுவண்டு துளைத்து மரத்தைத் தூளாக்கும். சிலாங்கூரின் கெப்போங்கில் 1929-இல் நிறுவப்பட்ட வன ஆய்வுக்கழகம் இச்சிக்கலுக்கு விடை தேடிய நிறுவனங்களுள் முதன்மையானது. வெட்டிய உடனே அறுத்து, அழுத்தக் கலனில் போரான் உப்புக் கரைசலை மரத்துள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றது. 1970-களின் இறுதியிலிருந்து ரப்பர் மரத் தளவாடம் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்து, மலேசிய மரத் தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பானது.

வாங்குவோருக்கு இந்த வரலாற்றில் தெளிவான ஒரு பாடம் உண்டு. போரான் பதப்படுத்தல் இல்லாத ரப்பர் மரம் இவ்வெப்பநாட்டில் நெடுங்காலம் நிற்பது அரிது. எனவே "நூறாண்டு பழைய ரப்பர் மர அலமாரி" என்று விற்கப்படுவதை நம்ப இடமில்லை. அது பெரும்பாலும் 1980-களிலோ அதற்குப் பின்னரோ செய்ததாக இருக்கும். மரம் பருமனில்லாதது என்பதால் குறுகிய பலகைகளை நுனிகளில் பல்லுப்பல்லாகக் கோத்து ஒட்டியிருப்பார்கள். பலகையின் பரப்பில் சிறு பழுப்புக் கோடுகளாகத் துளைத்தடங்கள் தெரியும். இவை இரண்டும் ரப்பர் மரத்தை அடையாளம் காட்டும்.

வயது குறைவு என்பதால் அதன் மதிப்புக் குறையாது. விடியுமுன் எழுந்து அம்மரத்தைச் சீவி, மங்கு எனப்படும் கிண்ணங்களில் பால் சேர்த்து வாழ்ந்த குடும்பங்களுக்கு, அதே மரம் வீட்டின் நடுவே அலமாரியாக நிற்பது தனிப் பெருமைக்குரியது. இயல்பாகவே வெளிர்நிறமான அதை மேலும் வெளுக்கவும் வேண்டியதில்லை.

வெளுப்பின் வழிகளும் அடையாளங்களும்

வெயில் வெளுப்பு: சூரிய ஒளி மரத்தின் லிக்னினைச் சிதைக்கிறது. அஞ்சடித் தாழ்வாரத்திலோ சன்னலோரத்திலோ நின்ற அலமாரியில் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். கைப்பிடியின் அடியிலும் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்திலும் பழைய நிறம் மிஞ்சும்.

வேதி வெளுப்பு: எரிசோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த இருகரைசல் முறை மரத்தின் சொந்த நிறத்தையே போக்கும். அலமாரி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வெளுத்திருந்தால் இம்முறையை ஐயுறலாம். இழை தூக்கி நிற்பதும் தொட்டால் சொரசொரப்பதும் துணை அடையாளங்கள்.

வெண்பூச்சு: நீர்த்த வெள்ளைப் பூச்சைத் தேய்த்துத் துடைத்தது. மரத்துளைகளில் வெள்ளை தங்கியிருக்கும். மூலைகளில் திட்டாகத் தெரியும். மலிவான பலகைகளைச் சேர்த்துச் செய்த புதிய அலமாரிகளுக்குப் பழமைத் தோற்றம் தரவும் இதுவே பயன்படுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மூலைகள் புறாவின் வால் வடிவில் கோத்த புறாவால் பொருத்தாக இருந்து, அளவில் சிறு ஏற்றத்தாழ்வுகள் தெரிந்தால் கைவேலை. ஆணி மட்டும் அடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கூட்டல்குறித் தலையுள்ள திருகாணி 1930-களுக்குப் பிந்தையது. துகள்பலகை முதுகு இன்னும் பிந்தையது. இவை பழுதுபார்த்தபோது சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து வயதை முடிவுசெய்யக் கூடாது.

அடுத்து பூச்சி. அலமாரியைத் தட்டி, அடியில் வெள்ளைத்தாள் விரித்துப் பார்க்க வேண்டும். முகப்பவுடர் போன்ற நுண்தூள் விழுந்தால் மாவுவண்டு இருக்கிறது. சிறு மணிகளாக விழுந்தால் உலர்மரக் கரையான். பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் விழாவிட்டால் பூச்சி அற்றுப்போயிருக்கலாம். சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்பே மற்றத் தளவாடங்களோடு சேர்க்க வேண்டும்.

மூன்றாவது ஈரம். சன்னல் திறந்த மலேசிய வீட்டில் மரத்தின் ஈரப்பதம் சுமார் 15 விழுக்காட்டில் நிலைக்கும். ஏர்கோன் ஓடும் அறையில் அது குறையும். பலகை சுருங்கிப் பிளக்கும். தோட்டத்து வீட்டிலிருந்து வந்த அலமாரியை நேராகக் குளிரறைக்குள் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் சில வாரம் பழக்குவது நல்லது.

வெளுப்பதும் துப்புரவும்: பாதுகாப்பு

பழைய பச்சை, வெள்ளை, சாம்பல் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் கலக்கும். குழந்தைகளுக்கு இது பெருந்தீங்கு. நனைத்துச் சுரண்டுவதும், குழந்தைகளை அப்பால் வைப்பதும் கட்டாயம்.

இரும்பாணியைச் சுற்றிய கருநீலக் கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் ஏற்றது. அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பூசி, பின் பலமுறை தெளிநீரால் துடைக்க வேண்டும். குளோரின் வெளுப்புத் திரவத்தை எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது, நச்சுவாயு எழும். மெல்லிய மரத்தகடு ஒட்டிய பழைய அலமாரிகளை நனைத்து வெளுத்தால் பசை விட்டுத் தகடு உரியும். ரப்பர் மரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உள்ளிருக்கும் போரான் நீரில் கரைந்து வெளியேறும் தன்மையது. ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, மெழுகிட்டால் போதும்.

நல்ல தேக்கு அலமாரியையோ மெராந்தி வலையலமாரியையோ இன்றைய அழகுப்போக்குக்காக வெளுப்பதைத் தவிர்க்க வேண்டும். போன நிறமும் பல்லாண்டுப் புழக்கம் தந்த மெருகும் திரும்பா. வெளிர்நிறம் வேண்டுவோர் ரப்பர் மரத்தையோ ராமினையோ, வெயிலில் தானே வெளுத்ததையோ தேடுவதே முறை.

பதிவும் மரபும்

தோட்டங்களின் கோயில்களையும் பள்ளிகளையும் பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. வீட்டுப் பொருள்களைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. ஆகவே அலமாரி வாங்குவோர் அது எந்தத் தோட்டத்தில், கிராணி வீட்டிலா லயத்திலா, எந்தப் பயனுக்கு இருந்தது என்று விற்பவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி உட்கதவில் ஒட்டி வைப்பது பயன்தரும். உள்ளே ஒட்டிய நாட்காட்டித் தாளையும் சுண்ணக்கட்டியில் எழுதிய கணக்கையும் அழிக்கக் கூடாது. தோட்ட மக்கள் எவ்வாறு உண்டு, உடுத்து, சேமித்து வாழ்ந்தார்கள் என்பதற்கு அவையே சான்றுகள். அவற்றைக் காப்பது வாங்குபவரின் கடமை.